நாலு பேருக்கு முடித்த பேரம்

வெளிநாட்டிலிருந்து திரும்பும் எவரும், அங்கே வாழ்வதைவிட இங்கே வாழ்வது மலிவு என்று தக்க ஆதாரங்களுடன் நிரூபித்த பிறகே தம் வீட்டுக்கு மின் இணைப்பு பெற இயலும். இது விதி. நியாயமான விதிதான். விலைவாசி குறைவு என்று அரசாங்கம் சொன்னால் உள்ளூர்க்காரன் நம்ப மாட்டேன் என்கிறான். ரெண்டு பக்கமும் வாழ்ந்தவன் கையெழுத்துப் போட்டால் வாயை மூடிக்கொள்வான் அல்லவா?

பதினெட்டு வருஷம் அந்நிய தேசத்தில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டி இந்த வீட்டைக் கட்டினேன். மகளுக்கு ரெண்டு மாதத்தில் பரீட்சை. மெழுகுவர்த்தியில் படிக்கிறாள்.

ஒப்பீட்டுப் பிரிவு அதிகாரி என் செலவுப் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"அங்க வாடகை?"

"ஒரே ரூம்ல ஆறு பேர் சார். ஆளுக்கு ஆறுல ஒரு பங்கு."

"முடி வெட்ட?"

"பக்கத்துக் கட்டில்காரன் வெட்டிவிடுவான். காசு கிடையாது."

"இங்க?"

"நான், சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க. சலூனுக்குப் போறேன்."

கூட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "இங்க மூணு மடங்கு ஆகுதே. இத எப்படி நான் மேல அனுப்புறது?"

"உண்மை அதுதான சார்?"

"உண்மைக்குத் தனிப் பிரிவு. மூணாவது மாடி. இன்னும் ஆள் போடல." பேனாவை மூடினார். "தப்பு உங்க மேல. அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி வாழ்ந்தா எப்படி ஒப்பிடுறது? முப்பது நாள் அங்க வாழ்ந்த மாதிரியே இங்கயும் வாழுங்க. அஞ்சு பேர அனுப்புறோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வீட்டுக்குள்ள அஞ்சு தடியனுங்களா? ரெண்டு."

"அஞ்சு."

"மூணு. மேல ஒரு ஆள் கிடையாது."

"விதிய நான் எழுதல சார்."

நான் எழுந்து வாசல்வரை நடந்தேன். கூப்பிட்டார். கூப்பிடுவார் என்று தெரியும். நாலு பேர், அதில் ஒருவனுக்கு முடி வெட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடித்தேன். பேரத்தில் இன்றுவரை என்னை ஒருத்தன் ஜெயித்ததில்லை.

"என் குடும்பம்?"

"அங்க உங்ககூட இருந்தாங்களா? இல்லல்ல. பின்னறையில இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவ ஃபோன்ல பேசிக்கலாம்."

முன்னறையில் கட்டில்கள் இறங்கின. வந்தவர்களில் மூன்று பேர் என்னைப் போலவே திரும்பி வந்து சான்றிதழுக்குக் காத்திருப்பவர்கள். நாலாவதாகப் படுக்கையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்தவர் அதே அதிகாரி.

"நீங்களா?"

"வாடகைய ஏத்திட்டாங்க சார். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகல. இங்கன்னா அஞ்சுல ஒரு பங்குதான? முடி நல்லா வெட்டுவேன்."

வெட்டவும் செய்தார். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். முறை வைத்துச் சமைத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் ஃபோன் பேசினேன். நடுக்கதவில் முத்திரை வைத்த பூட்டு. மனைவியின் குரல் முதலில் சுவர் வழியாக வரும், அப்புறம்தான் ஃபோனில்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. பசங்க?"

"நல்லாருக்காங்க. சொன்ன பேச்சு கேக்குறாங்க. நீங்க பக்கத்துல இருந்தப்பதான் சண்ட."

முப்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. இங்கே வாழ்வது மலிவு என ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகியிருந்தது. அன்றைக்கே கம்பியை இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். பூட்டைத் திறக்கப் போனேன். அதிகாரி தன் கட்டிலில் படுத்தபடியே அடிக்குறிப்பைக் காட்டினார்: 'மேற்படி வாழ்க்கைமுறை மாறும் பட்சத்தில் இணைப்பு உடனடியாகத் துண்டிக்கப்படும்.'

கொதித்துப்போய் அவரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு மனைவிக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம்.

"மெதுவா பேசுங்க, பொண்ணு படிக்கிறா," என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "சரி, அங்க மாதிரியே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு தருவாங்கல்ல? அதக் கேட்டீங்களா?"

"ரெண்டு வருஷமா?" என்றேன். "நம்மகிட்டயா? ஒன்னரைக்குப் பேசி முடிச்சிட்டேன்."