ஒத்தை ஆள் மெஷின்

புட்டியைப் பிடிக்க ஒரு கை, குழாயை அழுத்த ஒரு கை, தக்கை அடிக்க ஒரு கை. ஜெலிந்தோவுக்கு ஆண்டவன் கொடுத்திருந்தது மொத்தம் இரண்டு. நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்ததில் அவையும் பாதிதான் மிச்சம்.

புதன்கிழமை காலை. நிலவறையில் மூன்று பெரிய கண்ணாடிக் குடங்களில் ஒயின் காத்திருந்தது. மார்ச் மாதத்துத் தேய்பிறை. சனிக்கிழமை அமாவாசை. அதற்குள் அத்தனையையும் புட்டியில் அடைத்தாக வேண்டும். வளர்பிறையில் அடைத்தால் ஒயின் மறுபடி பொங்கி, ஆகஸ்ட் மாதம் புட்டி ஒவ்வொன்றாக வெடிக்கும். அடைக்காமல் விட்டாலோ, வெயில் வந்ததும் குடத்தோடு புளித்துக் காடியாகிவிடும்.

கையில் இருந்தது புதிதாக வாங்கிய நிரப்புக் குழாய். நுனியில் ஒரு ஸ்பிரிங். புட்டியின் அடியில் வைத்து அழுத்தினால் ஒயின் வரும், எடுத்தால் நிற்கும். “சின்னக் குழந்தைகூடச் செய்யும்ணே” என்று சொல்லித்தான் கடைக்காரன் துயிலியோ கொடுத்தான். குழந்தை குழாயை அழுத்தும்போது புட்டியை யாராவது பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

ஜெலிந்தோ புட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். குழாயை அழுத்தினார். நிறைந்தது. தக்கையை எடுக்கத் திரும்பினார். முழங்கால் தளர்ந்தது. புட்டி நழுவி, குழாய் துள்ளி, அரைப்படி ஒயின் அவருடைய இடது பூட்ஸுக்குள் போய் உட்கார்ந்தது.

போன அக்டோபர் வரைக்கும் அந்த மூன்றாவது கை மனைவி நீவெஸுடையது. முப்பத்தொரு வருஷம் அவள் குழாயைப் பிடித்தாள், அவர் தக்கை அடித்தார். அக்டோபரில், தொட்டியிலிருந்து குடத்துக்கு ஒயின் மாற்றும்போது, குழாய் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று ஜெலிந்தோவுக்குக் கோபம்.

“குழாயைப் பிடிக்கிறது ஒரு வேலையா? செவுத்துல ஒரு ஆணி அடிச்சா அது பிடிச்சுக்கும்.”

நீவெஸ் சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணியில் குழாயை மாட்டினாள். கையைத் துடைத்தாள்.

“அப்ப ஆணியோடயே குடும்பம் நடத்து.”

நாலு பத்து பஸ்ஸில் ஏறி ரோவேரேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள்தான். ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவளும் வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. முதலில் கேட்பவன் தோற்றவன் என்பது ஜெலிந்தோவின் கணக்கு. ஒயினைத் தனியாக அடைத்து அடுக்கிவிட்டால், தான் ஜெயித்ததாக ஊருக்குத் தெரிந்துவிடும். அடைக்க முடியாவிட்டால் ரோவேரேக்குப் போய் வாசலில் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று, சனிக்கிழமைக்குள்.

பக்கத்து நிலவறையில் தர்சீசியோவும் அவன் மனைவி ஒனோரினாவும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். தக்கை இறங்கும் சத்தம் டொக், டொக் என்று சுவர் வழியாக வந்தது.

“கழுதை, நிறைஞ்சு வழியுது, நிறுத்து!”

“நான் கழுதைன்னா என்னைக் கட்டிக்கிட்ட நீ யாரு?”

ஜெலிந்தோ ஈர பூட்ஸோடு நின்று முழுச் சண்டையையும் கேட்டார். அவரைக் கழுதை என்று சொல்ல இந்த நிலவறையில் ஆள் இல்லை.

கடைக்குப் போனார்.

“இது ரெண்டு பேர் மெஷின்” என்றார்.

“முதல்ல எல்லாத்தையும் நிரப்பிட்டு, அப்புறமா தக்கை அடிங்களேன்.”

“ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்தி இழுத்தா வண்டல் எழும்பிடும். எல்லாத்தையும் நிரப்பித் திறந்து வெச்சா காத்துப் பட்டுக் கெட்டுடும். நீ ஒயின் சாமான் கடை வெச்சிருக்கியா, செருப்புக் கடையா? தானா நிக்கிற மெஷின் ஒண்ணு உண்டுல்ல, புட்டி நிறைஞ்சதும் அதுவே நிறுத்திக்குமே, ஒத்தை ஆள் மெஷின், அதைக் குடு.”

துயிலியோ மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

“அது போயிடுச்சுண்ணே. இனி மே மாசம்தான் வரும்.”

“மே மாசம் காடியையா அடைக்கிறது?”

“அதுக்குப் பதிலா இதைப் பாருங்க. மூணு மூக்குத் தொட்டி. மட்டமா வெச்சீங்கன்னா மூணு புட்டியும் ஒரே அளவுல தானா நின்னுடும்.”

மட்டம் என்ற சொல் ஜெலிந்தோவின் மனசைத் தொட்டது. கொத்தனாரிடம் மட்டம் பற்றிப் பேசிவிட்டால் அவர் எதையும் வாங்குவார்.

வியாழக்கிழமை மட்டப்பலகையை எடுத்துத் தொட்டியை மயிரிழை பிசகாமல் நிறுத்தினார். பிறகுதான் தெரிந்தது, ஒயின் குடம் தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். ஐம்பது லிட்டர் குடத்தை மேடையில் ஏற்றுவதற்கு எதிர்ப்பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். குடத்தை ஏற்ற முடியாதவர் தொட்டியை இறக்கினார். தொட்டியைத் தரையில் வைத்தால் புட்டியைத் தரைக்குக் கீழே வைக்க வேண்டும். தண்ணீர் வடிவதற்கென்று அவரே கட்டிய பள்ளம் ஒன்று மூலையில் இருந்தது. அதற்குள் மூன்று புட்டியை நிறுத்தி, தரையில் குப்புறப் படுத்தார்.

வேலை நடந்தது. உண்மையிலேயே நடந்தது. மூன்று மூக்கும் வழிந்து, மூன்று புட்டியிலும் ஒயின் கழுத்துவரை ஏறி நின்றது. ஜெலிந்தோவுக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. தலையைத் திருப்பினார். ஆணிதான் இருந்தது.

தக்கை அடிக்க எழுந்தார். அறுபத்து நாலு வயது முழங்கால் தரையிலிருந்து எழுவதற்கு எதையாவது பிடித்தாக வேண்டும். பிடித்தது தொட்டியை. தொட்டி சாய்ந்தது. மட்டம் போனது. மூன்று மூக்கும் ஒரே சமயத்தில் அவர்மேல் அழுதன.

வாசலில் நிழல் விழுந்தது. தர்சீசியோ.

“என்ன ஜெலிந்தோ, நீச்சல் பழகறியா?”

“மட்டம் பாக்கறேன்.”

“யோவ், ஒரு குரல் குடுத்தா நானும் ஒனோரினாவும் வரமாட்டமா? மூணு மணி நேர வேலை.”

“வேண்டாம். மெஷின் இருக்கு.”

“இருக்கே, உன்மேலதான் படுத்திருக்கு. ஆமா, ஆணி என்ன பண்ணுது? சும்மா மாட்டிக்கிட்டு நிக்குது, ஒரு கை குடுக்கச் சொல்லேன்.”

ஊரில் எல்லாருக்கும் ஆணியைத் தெரியும். மதுக்கடைக்குள் நுழைந்தாலே “ஆணி சௌக்கியமா?” என்றுதான் கேட்பார்கள். அதனால் பிப்ரவரி முழுக்க அவர் மதுக்கடைப் பக்கம் போகவில்லை. தர்சீசியோவின் உதவியை வாங்கினால் ஒனோரினா வாய் வழியாகச் சாயங்காலமே ரோவேரேக்குச் செய்தி போய்விடும். போகச் சொன்னார்.

துயிலியோ இந்த முறை கடையின் பின்னாலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

“மின்சாரப் பம்பு. தோட்டம் வெச்சிருக்கிற பெரிய ஆளுங்க வாங்குறது. காலால மிதிச்சா வரும், காலை எடுத்தா நிக்கும். உங்க ரெண்டு கையும் சும்மா இருக்கும்ணே.”

“இதை முதல்லயே குடுக்கிறதுக்கு என்ன?”

“நீங்க கஷ்டப்பட்டுட்டு வந்தாத்தானே இதோட அருமை தெரியும்.”

வெள்ளிக்கிழமை காலை ஜெலிந்தோ புட்டியை மேசைமேல் வைத்தார். இரண்டு கையும் சும்மா இருந்தன. அவ்வளவு சும்மா இருந்தது அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. மெல்ல மிதித்தார்.

பெரிய ஆட்களின் பம்புக்கு மெல்ல என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மூச்சில் புட்டி நிறைந்தது. அடுத்த மூச்சில் ஒயின் உத்தரத்தைத் தொட்டது. மூன்றாவது மூச்சில் அவருடைய வழுக்கையில் மழையாக இறங்கியது. பதறிப்போய்த் துள்ளியவர் இரண்டு காலோடும் மிதியிலேயே வந்து விழுந்தார். மிதி அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. புட்டி போன இடம் தெரியவில்லை. குழாய் நிலவறை முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் முதல் குடத்தில் வண்டல் மட்டுமே இருந்தது.

துடைத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. சட்டி நிறையக் கிண்டி வைத்திருந்த சோளக்களியை மூன்றாவது நாளாக வெட்டிச் சாப்பிட்டார். இரண்டு பேருக்கு என்றே பழகிய சட்டி, ஒருவருக்குக் கிண்ட அதற்குத் தெரியவில்லை.

பிறகு தொலைபேசியை எடுத்து, ஐந்து மாதமாகச் சுழற்றாத எண்ணைச் சுழற்றினார்.

“ஹலோ, யாரு?” நீவெஸ்தான்.

சொல்ல வேண்டியதெல்லாம் அவர் தொண்டையில் வரிசையாக நின்றது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தது வேறு.

“மெஷின் கடைங்களா?”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது.

“இல்ல. இங்கே கோழிங்கதான் இருக்கு.”

“மன்னிக்கணும். ராங் நம்பர்.”

“பரவால்ல.”

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தூரத்தில் ஒரு கோழி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தது.

“வேற எதாவது வேணுமா?” என்றாள்.

“இல்லைங்க.”

வைத்துவிட்டு, முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளை ‘ங்க’ போட்டுப் பேசியதற்காகத் தன்னையே கழுதை என்று திட்டிக்கொண்டார். வேறு யாரும் திட்டுவதற்கு இல்லாததால் இரண்டு முறை திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை. அமாவாசை. பம்பைத் திருப்பிக் கொடுக்கத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. துயிலியோ கதவை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். இனி மூன்று மணிக்குத்தான் திறப்பான். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒவ்வொரு சன்னலிலிருந்தும் தட்டும் கரண்டியும் பேசிக்கொள்ளும் சத்தம் வந்தது. ஜெலிந்தோ பம்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

கடைச் சரக்கைக் கொண்டு போய்ப் போடும் எர்மெஸ் தன் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தோடு இறங்கினான்.

“என்னண்ணே, தலையெல்லாம் சிவப்பா இருக்கு? சாயம் போட்டுக்கிட்டீங்களா?”

“சிரிடா, சிரி. நாலு நாள்ல மூணு மெஷின். ஒரு குடம் ஒயின் உத்தரத்துல இருக்கு. இருட்டுறதுக்குள்ள மிச்சம் ரெண்டையும் அடைக்கலேன்னா எல்லாம் காடி.”

“ரொட்டி தின்றீங்களா?”

“வேண்டாம்.” கொஞ்சம் பொறுத்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டார். “அந்தத் தானா நிக்கிற மெஷின் மட்டும் கிடைச்சிருந்தா நான் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்ல. எந்தப் புண்ணியவான் வாங்கிட்டுப் போனானோ.”

“அதுவா?” எர்மெஸ் மென்றுகொண்டே சொன்னான். “ரெண்டு வந்துச்சுண்ணே. ரெண்டையுமே போன திங்கக்கிழமை நான்தான் ரோவேரேல கொண்டு போய் இறக்கினேன்.”

“ரோவேரேலயா? அங்கே யாருக்கு?”

“நம்ம நீவெஸ் அக்காவுக்குத்தான். வீட்டுல ஒரு சொட்டு ஒயின் இல்ல, எதுக்குக்கா இதுன்னு கேட்டேன், சிரிச்சாங்க. சரி, ஒண்ணு போதாதான்னு கேட்டேன். ‘ஒண்ணை விட்டு வெச்சா அந்த மனுஷன் வாங்கிட மாட்டானா’ன்னாங்க.”