பூட்டி அடித்த எழுத்து

நாரணாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

தம்பி ரத்தினசாமிக்கு, அண்ணன் அய்யாதுரை அன்போடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சாத்தூரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். ஏழு வருடம் பேசாதவன் காகிதம் போடுகிறானே என்று கிழித்துவிடாதே, முழுதும் வாசி.

மகேஷ்குமார் கல்யாணத்துக்கு நீ வராததால் என் மருமகள் யோகேஸ்வரியை உனக்குத் தெரியாது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இப்போது புதிதாக ஒரு கீபோர்டுக்கு டிரைவர் எழுதுகிறாள். டிரைவர் என்றதும் உன் மதினி பொன்னுத்தங்கம், "அப்பம் காருக்கு ஆள் வந்தாச்சா" என்றாள். அது இல்லை. அந்தக் கீபோர்டு நாம் அடிப்பதை வழியில் யாரும் களவாடாதபடி பூட்டி அனுப்புமாம். கம்ப்யூட்டருக்குள் இருந்து அதைத் திறந்து எழுத்தாக்கும் நிரலுக்குத்தான் அந்தப் பேர். அது சரியாகும்வரை 'அ' என்று அடித்தால் திரையில் ஏழெட்டுக் கிறுக்கல் விழும். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றாள். தீபாவளி முடிந்து நம் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு, சும்மாதானே இருக்கிறோம் என்று உட்கார்ந்தேன்.

"என்னத்தம்மா அடிக்க?"

"மனசுல தோணுறத அடிங்க மாமா. ஒருத்தரும் வாசிக்க முடியாது."

முதலில் வெடிப் பெயர்களை அடித்தேன், பிறகு சாமி பெயர்களை, பிறகு அடிக்க ஒன்றுமில்லாமல் போய், வாசிக்கத்தான் முடியாதே என்ற தைரியத்தில் ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தத் தீயைப் பற்றி அடித்தேன் தம்பி, வெடிமருந்தை உச்சி வெயிலில் காயப்போடச் சொன்னது நான், ஆர்டர் முடியணும் என்று விரட்டினது நான், ஷெட்டு எரிந்ததும் அதிகாரிகளிடம் உன் பக்கம் கையைக் காட்டினதும் நான்தான், நீயும் மறுக்காம சாத்தூருக்குப் போயிட்டே, ஆள் சேதம் இல்லை, ஆள் சேதம் இல்லைன்னு ஏழு வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், நீ போனது சேதம் இல்லையா. இப்படி மூன்று நாள் அடித்தேன். திரை பூராவும் கிறுக்கல். எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

நாலாம் நாள் டிரைவர் வேலை செய்துவிட்டது. நான் அடித்ததையெல்லாம் சோதனைக்காகச் சேமித்து வைத்திருந்தாளாம். அம்புட்டும் நல்ல தமிழில் வரிசையாக நிற்கிறது. அவள் முழுதும் வாசித்துவிட்டாள்.

"பூட்டி அனுப்புறது பாதி வேலைதான் மாமா," என்றாள். "வாசிக்க வேண்டியவுக வாசிக்கணும்ல."

அதனால்தான் கையால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் வருகிறேன். உள்ளே விட்டால் உட்கார்ந்து சொல்வேன், விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். இது நம் மூவரோடு இருக்கட்டும். முக்கியமாக உன் மதினிக்குத் தெரியக்கூடாது, அவள் தாங்கமாட்டாள்.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். தலையில் கைவைத்துச் சொன்னதாக வைத்துக்கொள்.

உன் அண்ணன்,
அய்யாதுரை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மதினி வாசித்துவிட்டாள். நன்றாகவே தாங்கினாள். தீப்பிடித்த அந்த வாரமே நீ அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டாயாமே. "அண்ணன் தானாச் சொல்ற வரைக்கும் கேக்காதீக" என்றும் சொன்னாயாம். ஏழு வருடம் கேட்காமலே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஞாயிறு வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லையாம். நாளைக் காலை பஸ்ஸில் இருவரும் வருகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்குப் பிறகுதான் உனக்கு வந்துசேரும்.