சம்பந்தியின் சர்க்கரை நானூற்று முப்பத்தொன்று

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் தங்கை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். என் பெண், உங்கள் மருமகள், பேசுகிறாள், அதற்கு அவளும் பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டில் என் உடம்பு ஒன்றுதான் நன்றாக இருக்கிறது, அதை வெளியே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்களும் அக்காவும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

நடந்ததை உங்கள் தங்கை போனில் கொட்டியிருப்பாள். அவள் சொன்னதில் பொய் இருக்காது, ஆனால் என் பக்கத்து நியாயமும் இருந்திருக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் தைரியம்தான் சொன்னார். "பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை, நடை, வாய்க்கட்டுப்பாடு, போதும். இருக்கறதே தெரியாம எத்தனையோ பேர் திரியறாங்க. கண்ணு, காலு, கிட்னின்னு போனப்புறம் வந்து நிக்கறாங்க. அதுதான் பயம்." இதை அவர் ஓய்வுபெற்ற மனிதனிடம் சொல்லியிருக்கக் கூடாது மச்சான். ஆயுசு முழுக்க ரயில் நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்னவன் நான். ஓய்வு பெற்றபிறகு, பால் பொங்குகிறது என்று சமையலறைக்குச் சொல்வதைத் தவிர அறிவிக்க எனக்கு ஒன்றுமில்லை. இப்படிக் காய்ந்து கிடந்தவனிடம், தங்களுக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஜனங்கள் திரிகிறார்கள் என்று சொன்னால் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வரும் வழியிலேயே விரலில் குத்திப் பார்க்கும் மெஷினை வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நம் வீட்டுக்கு யார் வந்தாலும் விரல் கொடுக்காமல் திரும்பியதில்லை. ஆளுக்கு ஒரு புது ஊசி, அதில் நான் கறார். பிஸ்கட், ஜூஸ் எல்லாம் தடை. பதிலுக்கு நானே ஆரஞ்சு உரித்து, சுளை சுளையாகப் பிரித்துக் கையில் கொடுப்பேன். சாப்பிட்டு முடித்ததும் அதே கையைப் பிடித்து ஒரு குத்து. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லி அட்டையில் படம் போட்டிருந்தது. வந்தவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி வாசனை என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். மச்சான், ஒருத்தர் தப்பவில்லை. மேல்மாடி வக்கீலுக்கு முன்னூறு, எதிர்வீட்டு அம்மாவுக்கு முன்னூற்று எண்பது. அவ்வளவுதான், கட்டிடமே நடுங்கிவிட்டது. லிஃப்டில் ஏற ஆளில்லை, எல்லோரும் படி ஏறினார்கள். மொட்டை மாடியில் சாயங்காலம் நடக்க இடம் போதாமல் வக்கீல் ஒருவழிப் பாதை போட்டார். கீழே பேக்கரிக்காரர் என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்குகிறார். நான் செய்தது பொது சேவை இல்லையா?

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனும் நம் பெண்ணும் ஒரே ஆபீஸ், ஒருவரையொருவர் பிடித்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. பையனின் அப்பா ஆடிட்டர். அரை மனசோடுதான் வருகிறார், அவர் சரி என்றால்தான் கல்யாணம் என்று நம் பெண் முன்பே எச்சரித்திருந்தாள். "அப்பா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த மெஷின எடுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டாள். நானும் எடுக்கவில்லை மச்சான், மனுஷன் தானாகக் கேட்டார். பேச விஷயமில்லாமல் அலமாரியைப் பார்த்தவர், "அது என்ன சார்?" என்றார். கேட்டவருக்கு விளக்காமல் இருப்பது மரியாதையா? அதற்குள் அவர் இரண்டு ஆரஞ்சு சாப்பிட்டிருந்தார். குத்தினேன். எண்ணைப் பார்த்தேன். பார்த்ததும் பழைய குரல் தானாகக் கிளம்பிவிட்டது. "சம்பந்தியின் சர்க்கரை நானூற்று முப்பத்தொன்று" என்று, மூன்றாவது மேடைக்குக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டேன். மாடிப்படியிலிருந்து வக்கீல், "எவ்வளவு? எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டார். நானும் பழக்கதோஷத்தில் இரண்டாம் முறை சொல்லிவிட்டேன்.

ஆடிட்டர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மனைவி, "எங்க பரம்பரையிலயே யாருக்கும் கிடையாது" என்று எழுந்துகொண்டார். செருப்பு மாட்டும்போதுகூட யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. பையன் மட்டும் நம் பெண்ணிடம், "அப்பா ரூமை விட்டே வரல, எதுவும் கேக்க முடியல" என்றானாம். அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்கிறபோது என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

இதைவிடக் கேவலம் இனிமேல்தான். நேற்றுக் காலையில் ஆரஞ்சு உரித்து வைத்துவிட்டு எனக்கே பார்த்துக்கொண்டேன். நானூற்று அறுபது. முடிந்தது கதை என்று நாற்காலியில் சாய்ந்து, உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, பென்ஷன் விவரம், பீரோ சாவி, மகளை நல்லபடியாகக் கரையேற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். மௌனவிரதத்தை அவள் அப்போதுதான் கலைத்தாள். "சாகறதுன்னாலும் கையைக் கழுவிட்டுச் சாகுங்க. தொட்ட எடமெல்லாம் பிசுபிசுங்குது."

சரி, கடைசி ஆசை அவளுடையதாகவே இருக்கட்டும் என்று சோப்புப் போட்டுக் கழுவினேன். மனசு கேட்காமல் இன்னொரு தடவை குத்தினேன். நூற்று இருபத்தெட்டு.

புரிகிறதா மச்சான்? மெஷின் இத்தனை நாளும் ரத்தத்தை அளக்கவில்லை, ஆரஞ்சை அளந்திருக்கிறது. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, கழுவிய கையில் மறுபடி பார்த்தேன். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. எதிர்வீட்டு அம்மா ஒரு வாய் திட்டிவிட்டு, "நடந்ததுல முட்டிவலி போயிடுச்சு, நான் நிறுத்தமாட்டேன்" என்று மாடிக்குப் போய்விட்டார். பேக்கரிக்காரர் மட்டும் ஷட்டரை முழுசாகத் தூக்கி, எனக்கு ஒரு வணக்கம் போட்டார்.

இப்போது உங்களால் ஆக வேண்டியது ஒன்று. ஆடிட்டர் ஆபீஸ் உங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. பெண்ணுக்குத் தாய்மாமன் நீங்கள், உங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தமாட்டார். நேரில் போய், "உங்களுக்குச் சர்க்கரையே இல்லை, அது வெறும் ஆரஞ்சு, என் தங்கை புருஷனுக்குத்தான் புத்தி போதாது" என்று சொல்லுங்கள். என்னை எவ்வளவு மட்டமாகப் பேசினாலும் பரவாயில்லை. பெண் மறுபடி சிரித்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு வாக்கப்பட்ட பாவி

பின்குறிப்பு: மச்சான், போகாதீர்கள். மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உறையை ஒட்டப் போன நேரத்தில் வாசல்மணி அடித்தது. பார்த்தால் ஆடிட்டர், தனியாக நிற்கிறார். நான் கதவைப் பிடித்தபடியே ஆரஞ்சு விஷயத்தை ஒப்பித்து, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒரு காகிதத்தை நீட்டி, "இது வெறும் வயித்துல, கை நரம்புல எடுத்த ரத்தம் சார். இதுல ஆரஞ்சு எப்படி வந்துச்சு?" என்றார். இரண்டு லேபில் பார்த்திருக்கிறார், முதல் லேப் சொன்னது பிடிக்காததால். இரண்டும் ஒரே கதை. சர்க்கரை இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "ஒரு வருஷமா உள்ளங்கால் எரியுது. எங்க அப்பாவுக்குக் கால எடுத்தது இதனாலதான், பொண்டாட்டிகிட்டக்கூட விபத்துன்னுதான் சொல்லியிருக்கேன். அந்தப் பயத்துல நான் டாக்டர்கிட்டயே போகல. வீட்டுலயும் சொல்லல. நீங்க கத்துனதுல என் பொண்டாட்டி காதுல விழுந்துடுச்சு, அவ விடல. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல, சரியான நேரத்துக்கு வந்துட்டீங்கன்னு டாக்டர் சொல்றார்" என்றார். நான் எழுந்து போய் அவர் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன் மச்சான். உங்கள் தங்கை அழுதாள். பெண் உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடும் மாத்திரை என்னவென்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த மாசமே கல்யாணம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மண்டப வாசலில் நான் மெஷினோடு உட்கார வேண்டுமாம், பக்கத்தில் சோப்பும் தண்ணீரும் வேண்டுமாம். எண்ணை அவரவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும், மைக் கூடாது என்றார். செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்து, "எங்க அண்ணன் வருவான், அவனுக்கு மட்டும் மைக்ல சொல்லிடுங்க" என்றார்.

தாய்மாமன் நீங்கள், வரிசையில் முதல் விரல் உங்களுடையதுதான். கல்யாணத்துக்கு அவசியம் வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள்.