அறுபத்தொரு ஓட்டில் கவுன்சிலரான என் அக்கா

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற நான், ஒரே ஒரு பக்க ஆங்கிலத்தைத் தப்பாகப் படித்து என் அக்காவை இங்கிலாந்தில் கவுன்சிலர் ஆக்கியிருக்கிறேன். இரண்டு நாள் அவள் பதவியில் இருந்தாள். பர்மாவில் எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் மட்டும்.

என் அக்கா ஸ்டெல்லா இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமப்புறத்தில் நர்ஸ். வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு வருகிற வேலை. போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே வாரத்தில் இரண்டு நாள்தான் பஸ் வருமாம். கிழவர்கள் டாக்டரைப் பார்க்கப் போக முடியாமல் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், புலம்பியது போதும் என்று மாவட்டக் கவுன்சில் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள்.

இதை முதலில் சொன்னது என்னிடம். நான் சொன்னது எங்கள் கட்டடத்தின் ஆறு மாடிக்கும். (ஆறாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப்போய்ச் சொன்னேன்.)

அங்கே வியாழக்கிழமை ஓட்டு, வெள்ளிக்கிழமை எண்ணிக்கை. அவர்களுக்கு மத்தியானம் என்றால் இங்கே சாயங்காலம். அன்று ஆறரை மணிக்கு அம்மா ஜெபமாலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்கார அம்மா டோ கின், கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தார். என் கணவர் கோ ஜோ மட்டும் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் பர்மாக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் மட்டும் கொஞ்சம் நொண்டும்.

போனில் கவுன்சிலின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் ஊர் இணையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பக்கம் மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக, யோசித்து யோசித்து இறங்கியது. முதலில் தலைப்பு. அப்புறம் ‘ரிட்டர்னிங் ஆஃபிசர்’ என்ற வரி.

"அது யாரு, சயாமா?" என்றார் டோ கின். டியூஷன் எடுப்பதால் தெருவில் எல்லாருக்கும் நான் சயாமாதான், அதாவது டீச்சரம்மா.

"திரும்பி வர்ற அதிகாரி," என்றேன்.

"எங்க போயிட்டுத் திரும்பி வர்றார்?"

"ஓட்டு எண்ணப் போயிட்டு." (தேர்தலை நடத்தும் அதிகாரிக்கு அங்கே அதுதான் பெயர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் டீச்சருக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது.)

அதற்குள் பெயர்கள் வந்தன. முதல் வரியில் அந்தோணி, ஸ்டெல்லா: அறுபத்தொன்று. இரண்டாவது வரியில் யாரோ ஒரு பேக்கர்: முப்பத்தெட்டு. மூன்றாவது வரி வருவதற்குள் கரண்டு போய்விட்டது. விசிறி நின்றது, வைஃபை செத்தது. திரையில் வந்தவரை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"அம்மா! அக்கா ஃபர்ஸ்ட்!"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அறுபத்தொண்ணுதானா?"

"கிராமம்மா. அங்க ஆளை விட ஆடுதான் அதிகம்னு அவளே சொல்லியிருக்கா. அடுத்தவருக்கு முப்பத்தெட்டு. கிட்டத்தட்ட டபுள்!"

ஆங்கிலம் தெரிந்தவள் சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஐந்து நிமிடத்தில் டோ கின் படிக்கட்டில் கத்திக்கொண்டே இறங்கினார். நான் போனின் டேட்டாவில் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அதன் ஒவ்வொரு எழுத்தும் இன்றுவரை எனக்கு மனப்பாடம்: "அறுபத்தொரு ஓட்டு! ஊரையே அசத்திட்டே, கவுன்சிலரம்மா!"

அவள் படித்துவிட்டாள் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

"பதவிக்கு வந்துட்டா இல்ல, வேலை இருக்கும்," என்று அம்மாவிடம் விளக்கினேன்.

சனிக்கிழமை காலை வினைல் கடைக்குப் போய் பேனர் அடித்தேன். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் ‘எங்கள் கவுன்சிலர் ஸ்டெல்லா’. நர்ஸ் உடுப்பில் அவள் சிரிக்கிற படம். கடைக்காரர் அவராகவே பின்னால் லண்டன் பாலத்தை வைத்துவிட்டார். அக்கா இருக்கும் இடத்துக்கும் லண்டனுக்கும் ரயிலில் பாதி நாள் பயணம். பார்க்க எடுப்பாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். பேனரை மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்த்துத் தொங்கவிட்டு, படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மூன்று கோணங்களில். அதற்கும் பதில் இல்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். ஜெபக்கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினிலிருந்து சித்தப்பா வீட்டார் பஸ் பிடித்து வந்தார்கள். என் டியூஷன் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் வந்தார்கள். பர்மா பிரியாணி, நாங்கள் தம்பவுக் என்று சொல்வது, இரண்டு அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு ஜெனரேட்டர் உண்டு என்பதால் கோயில் டிவியை என் போனோடு இணைத்து வைத்திருந்தேன். கவுன்சிலர் நேரலையில் நன்றி சொல்வார் என்று ஏற்பாடு. (கவுன்சிலருக்கு மட்டும் தகவல் இல்லை.)

அங்கே காலை பதினொன்றரை. மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தாள். டிவி முழுக்க அக்காவின் முகம். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஏன்டி மேரி," என்றாள் அக்கா. "உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணேன்?"

கைதட்டல் பாதியில் நின்றது.

"அக்கா, என்னக்கா..."

"ரெண்டு நாளா அழுதுக்கிட்டிருக்கேன். அறுபத்தோரு ஓட்டு, அசத்திட்டேன்னு கேலி பண்றே. சரி, சின்னவதானேன்னு விட்டேன். பேனர் வேற அடிச்சு அனுப்புறே! இதுல லண்டன் பாலம் எதுக்குடி?"

"கேலி இல்லக்கா! நீ ஜெயிச்சதுக்கு..."

"யாருடி ஜெயிச்சா? அஞ்சு பேர்ல நாலாவது! ஜெயிச்சவருக்கு எழுநூறு ஓட்டு!"

நான் போனில் வெள்ளிக்கிழமை பிடித்த படத்தைத் தேடி எடுத்து அக்காவுக்கு அனுப்பி, "இங்க பாரு, நீதானே ஃபர்ஸ்ட்?" என்றேன். அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள்தான் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று.

கோ ஜோ எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் என்னில் கால்வாசிகூட வராது. "மேரி, இது ஏ, இது பி," என்றார் அவருடைய தமிழில். "எழுத்து வரிசை. கீழே இன்னும் ஆள் இருக்கு. நீ பாதிதான் பார்த்தது."

கோயில் டிவியில் அக்கா என்னையே பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. "அடிப்பாவி," என்றாள் மெதுவாக. "நெஜமாவே நான் ஜெயிச்சேன்னு நெனச்சியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் முன்னால் மூக்கை உறிஞ்சியபடி தலையாட்டினேன். என் மானம் போனது ஒரு பக்கம். வாழ்நாளில் முதல் தடவையாகத் தைரியமாக எழுந்து நின்று தோற்றுப்போன அக்காவை, அவள் தோற்ற அன்றைக்கே, தங்கச்சி நானே குத்திக் காட்டியிருக்கிறேன் என்பது இன்னொரு பக்கம். அது வலித்தது.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து அம்மா கேட்டாள்: "ஸ்டெல்லா, அந்த அறுபத்தொண்ணுல நம்ம ஆளுங்க எத்தனை பேர்?"

"நானும் இவரும்தாம்மா. வேற யாரு இருக்கா இங்க?"

"அப்ப பாக்கி அம்பத்தொம்பது பேரும் வெள்ளைக்காரங்களா?"

"ஆமாம்மா."

"அத்தனை பேரும் உன் பேரைத் தேடிப் பார்த்து ஓட்டுப் போட்டாங்களா?"

"நான் கட்டுப் போடற பெரியவங்கம்மா நெறைய பேர். ஒருத்தர் சக்கர நாற்காலியில வந்து போட்டாரு."

அம்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். "என் பொண்ணுக்கு அம்பத்தொம்பது வெள்ளைக்காரங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. சோறு ஆறுது, எல்லாரும் உக்காருங்க."

டோ கின்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் மண்டபமே தட்டியது. இந்த முறை அக்கா சிரித்தாள், அழுதுகொண்டேதான். தம்பவுக் பரிமாறுவதை டிவியிலிருந்தே மேற்பார்வை பார்த்து, சித்தப்பாவுக்குக் கறி குறைவாக வையுங்கள், அவருக்குக் கொழுப்பு ஆகாது என்றாள். சித்தப்பா அதற்குப் பிறகு டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் வேறு டியூஷனுக்கு மாறிவிட்டார்கள். காரணம் கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. வீட்டில் நான் எந்த நல்ல செய்தியைச் சொன்னாலும் கோ ஜோ, "கீழே பார்த்தியா?" என்பார். எனக்குப் பெண் குழந்தை என்று மருத்துவமனையில் சொன்னபோதும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். நர்ஸ் ஒன்றும் புரியாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

போன வருடம் அக்கா மறுபடி நின்றாள். இந்த முறை மாவட்டம் இல்லை, அவள் கிராமத்துக்கு மட்டுமான சின்னக் கவுன்சில். அவளை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. போட்டியின்றித் தேர்வு என்று கிராமத்துப் பலகையில் ஒட்டிய தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். தாளின் நான்கு மூலையும், குத்தியிருந்த நான்கு ஊசியும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாள்.

நான் அம்மாவுக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினேன். பெயர், முகவரி, தேதி, கையெழுத்து.

"அதுக்கும் கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே?" என்றாள் அம்மா.

"அது அச்சடிச்சவங்க பேரும்மா. அது எதுக்கு?"

"படி."

படித்தேன்.