அய்யாவின் என்ஜின்

அம்பாசிடர் முதல் தடவை இருமியதும் யோகேஸ்வரன் மனைவியைத்தான் பார்த்தார். உமாமகேஸ்வரி காதில் விழாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி அமாவாசை. செத்துப்போன அய்யாவுக்குத் திதி கொடுக்க, அய்யா வாங்கிய வண்டியிலேயே தேவிபட்டினம் போகிறார்கள். "வழியில நின்னுச்சுன்னா நானே காயலான் கடையில போட்டுர்றேன்" என்று காலையில் மாப்பிள்ளையிடம் சவால் விட்டிருந்தார். மாப்பிள்ளை சிரிக்காமல் "சரி மாமா" என்று சொல்லியிருந்தார்.

"மருந்து பத்தல" என்று என்ஜினை அணைக்காமலே இறங்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில் டிரைவர் சொல்லிக்கொடுத்த பாட்டில் மருந்து அது, பெட்ரோல் டாங்கில் ஊற்றுவது. முன்பெல்லாம் பெட்ரோலில் ஈயம் இருந்ததாம், அதுதான் பழைய என்ஜினுக்குச் சத்தாம். இப்போது ஈயம் கிடையாது, அதற்குப் பதில் இதை ஊற்றாவிட்டால் வால்வு தேய்ந்துவிடுமாம். வீடு திரும்பியதும் ஒரு மூடி ஊற்றினார். அதுவரை இழுத்துக்கொண்டு கிடந்த வண்டி கன்றுக்குட்டியாக ஓடியது. அன்றிலிருந்து அவர் பாதி டாக்டர்.

"நேத்துதான ஊத்துனீக. வேணாங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? எங்கய்யா என்ஜின் அம்பது வருசம் தாண்டியும் ஓடுதுன்னா இந்த மருந்துலதான்."

அவள் பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

ஒரு மூடிக்கு இருமல் இரண்டு மடங்காகியது. இன்னொரு மூடிக்குப் புகை கிளம்பி, பின்னால் வந்த வேன்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி பாட்டிலையே கவிழ்த்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றேவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போன். யோகேஸ்வரன் போனை மனைவியிடம் நீட்டினார். உமாமகேஸ்வரி வாங்கிப் பேசினாள்.

"டீ குடிக்க எறங்கியிருக்கோம் மாப்ள. வண்டிக்கென்ன, நல்லா ஓடுது."

முப்பது வருஷமாக அதைத் தகர டப்பா என்று திட்டியவள் அவள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெக்கானிக் சீனியக் கூப்புடுறேன்" என்றார்.

"சீனி வேணாம்!" என்று பதறினாள். "வேற ஆளப் பாப்போம்."

அதற்குள் அவர் பேசி முடித்திருந்தார். பத்து நிமிஷத்தில் சீனி முகம்மது பைக்கில் வந்து இறங்கி, ப்ளக்கைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"மருந்து ஊத்தியே கரியாக்கிட்டீகளே அண்ணே. தொடச்சு மாட்டி, டாங்க்ல நல்ல பெட்ரோல ஊத்துனா கெளம்பிரும். ஆனா இந்த என்ஜினுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"என்னப்பா இப்புடிக் கேக்குற? எங்கய்யா காலத்து என்ஜினுல்ல!"

சீனி முகம்மது உமாமகேஸ்வரியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா சொல்லலக்கா? அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பழைய என்ஜின் உசுர விட்டுருச்சு, 'அவுக வந்து பாத்தா தாங்க மாட்டாக, புது என்ஜின மாத்தி வையி'ன்னு நீங்கதான அழுதீக!"