நாற்பத்தோரு உறைகள் போருக்குப் போன விதம்

ஸ்டோனி ரன், பென்சில்வேனியா
1956 அக்டோபர் 9, செவ்வாய், பிற்பகல்

மரியாதைக்குரிய மாமா ஆகஸ்டஸ் ஸ்டாஃபர் அவர்களுக்கு,

மருமகன் எல்வின் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ரோவினாவும் உடம்பளவில் நலம். அங்கே மேரிலாந்தில், உங்கள் தங்கை மினர்வா அத்தையின் கவனிப்பில், நீங்களும் உங்கள் இதயமும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறோம். இதை வழக்கமான வரி என்று தாண்டிப் போய்விட வேண்டாம். இந்த முறை மெய்யாகவே வேண்டுகிறோம்.

நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்காருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்கட்டும். மாத்திரைப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறு வாரத்துக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று பத்தொன்பதாவது நாள். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் வருகிறது. காரணம், இதற்கு ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்ட ஒரு கட்டு உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. அதை இந்தக் கடிதம் வழியில் எங்காவது முந்த வேண்டும். தந்தி கொடுக்கலாம் என்றாள் ரோவினா. தந்திச் சேவகன் வாசலில் வந்து நின்றாலே அத்தை யார் செத்தது என்று கேட்டு அழ ஆரம்பித்துவிடுவார். தவிர, பத்துச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் விஷயம் இன்னும் மோசமாகத்தான் ஒலித்தது.

கட்டில் இருப்பவை உங்கள் உறைகள்.

மாமா, மூச்சை மெதுவாக விடுங்கள்.

உங்கள் மேசையின் இரண்டாவது இழுப்பறை. தேவதாரு மரப்பெட்டி. வாட்டர் தெரு அச்சுக்கூடம் உள்நாட்டுப் போரின் முதல் வருடமான 1861இல் அடித்த தேசபக்தி உறைகள், நாற்பத்தொன்று, ஒன்றைப் போல் ஒன்று இல்லை, ஒன்றிலும் மை படவில்லை. பாம்பை மிதிக்கும் கழுகு. எலும்பைக் காக்கும் நாய். பீரங்கி மேல் உட்கார்ந்து கொடி பிடிக்கும் பெண். பதினேழு வருடம் தேடிச் சேர்த்தீர்கள். நாற்பத்தொன்றாவது போன மார்ச்சில் வந்தபோது கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் பிரித்தீர்கள். வரும் நவம்பரில் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கக் கண்ணாடிச் சட்டம் பதிவாகியிருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் கொடுமை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அஞ்சல்ல போகாத உறை போருக்குப் போகாத சிப்பாய் மாதிரி, மாப்பிள்ளை. சீருடை அழகா இருக்கும். அவ்வளவுதான். அஞ்சல்ல போனதுக்குப் பத்து மடங்கு மதிப்பு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். என் பாதங்கள் தட்டையானவை என்று ராணுவம் திருப்பி அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய் வந்தவர். அந்த வாக்கியத்தில் பாதி உறையைப் பற்றியது. மீதிப் பாதியை நான் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதம் அது என்னோடு படுத்து என்னோடு எழுந்தது.

இருபதாம் தேதி உங்கள் எழுபதாவது பிறந்தநாள். நான் என்ன தர முடியும்? பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்துகிறவன். முக்கோணம்தான் தர முடியும். அப்போதுதான் தோன்றியது. நாற்பத்தொன்றையும் அஞ்சலில் அனுப்பிவிட்டால்?

சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள், அது இதயத்துக்கு நல்லது என்கிறார்கள்.

அரைகுறையாகச் செய்யவில்லை மாமா, அதுதான் என் குற்றத்தின் பெருமை. நூலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன், அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பழகினேன், தொட்டெழுதும் பேனா வாங்கினேன், பழுப்பு மை கலந்தேன், ஒவ்வோர் உறையிலும் உங்கள் பெயரையும் ஊரையும் வளைத்து வளைத்து எழுதினேன், உள்ளே கனத்துக்கு ஒரு வெற்றுத்தாள் வைத்தேன், அப்புறம் மூடியை ஒட்டினேன். நாக்கால். தொண்ணூற்றைந்து வருடத்துப் பசை. மூன்று நாளாக எதைத் தின்றாலும் அந்த வாடைதான். அன்றைக்கு முகாமிலிருந்து சிப்பாய்கள் தபால்தலை இல்லாமலே கடிதம் போடலாம், பெறுகிறவர் கட்டணம் கொடுத்துக்கொள்வார், மேலதிகாரி ஒருவர் உறை மேல் கையெழுத்திட்டால் போதும் என்று படித்திருந்தேன். ஆகவே தபால்தலை ஒட்டவில்லை. இடது மூலையில் 'சிப்பாய் கடிதம்' என்று எழுதினேன். அனுப்புநர் இடத்தில் ஒரு பெயரை இட்டுக்கட்டினேன்: ஈசாக் டன்ஃபோர்ட், காலாட்படை, போட்டோமாக் நதிக்கரை முகாம். அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு மேஜர்.

நேற்றுக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் நாற்பத்தொன்றையும் பெட்டியில் போட்டேன். கடைசி உறை விழுந்த சத்தம் கேட்டபோது, ஒளிக்க என்ன இருக்கிறது, மகிழ்ச்சியாக இருந்தது. மறுநாள் நம் வீட்டுப் பெட்டிக்கே வந்துவிடும். எடுத்து அடுக்கி வைப்பேன். நீங்கள் குணமாகி வந்து திறப்பீர்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். ஐந்து வருடமாக 'மாப்பிள்ளை' என்கிறீர்கள். அதில் என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாலேகாலுக்கு வீடு திரும்பினேன். ரோவினா உங்கள் அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். கையில் காலிப் பெட்டி.

"ஏங்க, அப்பாவோட உறையெல்லாம் எங்க?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அறுபத்தொண்ணுல போயிருந்தாத்தாங்க மதிப்பு. அம்பத்தாறுல போனா அதுக்குப் பேரு கிறுக்கல்."

"மாமாதான் சொன்னாரு, பத்து மடங்குன்னு."

"அவரு பொதுவாச் சொன்னாரு. இந்த நாப்பத்தொண்ணுக்கு மதிப்பே மை படாம இருக்கறதுதான். ஒரே அச்சுக்கூடம், முழு வரிசை, சுத்தமா. பதினேழு வருஷம் அதுக்குத்தானே அலைஞ்சாரு. ஐயோ, எல்வின், நக்கி வேறயா ஒட்டினீங்க?"

ஓடினேன். தட்டைப் பாதத்தோடு நான் ஓடி இந்த ஊர் பார்த்ததில்லை. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அஞ்சலகத்தில் வெர்னா அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, காலையில் போட்ட உறைகளைத் திருப்பித் தர வேண்டும் என்றேன்.

"எது, அந்தக் கழுகு, நாய் படம் போட்டதா? அடடா, என்ன அழகு வாத்தியாரே! மெஷின்ல விட மனசே வரல. நானே உக்காந்து ஒவ்வொண்ணா முத்திரை குத்தினேன். கழுகு மூஞ்சியில கரெக்டா, நட்ட நடுவுல. ஸ்டாஃபர் பாத்தா பூரிச்சுப் போயிடுவாருன்னு."

நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"தபால்தலை இல்லையா, அதனால 'கட்டணம் பாக்கி'ன்னு ஊதா முத்திரையும் வச்சிருக்கேன். பெருசு. அது நாய் மேல."

"எங்கே இருக்கு இப்போ?"

"நாலு மணி வண்டியில போயிடுச்சே. உங்க மாமா போறப்போ எழுதிக் குடுத்துட்டுப் போனாருல்ல, தன் பேருக்கு எது வந்தாலும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பணும்னு. அங்கதான்."

இதுதான் மாமா விஷயம். நம் வீட்டுப் பெட்டிக்கு வரும் என்று நான் நினைத்தவை நேராக உங்கள் மடிக்கு வந்துகொண்டிருக்கின்றன. முன்னறிவிப்பு இல்லாமல். கழுகின் முகத்தில் கறுப்போடு.

வழியில் நிறுத்த முடியாதா என்று கேட்டேன். முடியும், அதற்குப் படிவம் இருக்கிறது என்றார். படிவத்தை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார். அனுப்பியவர் கையெழுத்து வேண்டும், அது உறையில் உள்ள கையெழுத்தோடு பொருந்த வேண்டும்.

"நான்தான் அனுப்பினேன்."

"இல்லையே. டன்ஃபோர்ட்னு ஒரு சிப்பாய் போட்டிருக்காரு."

"அது நான்தான். அப்படி ஒருத்தர் கிடையாது. இருந்திருந்தாலும் இப்போ நூத்துப் பதினஞ்சு வயசு ஆகியிருக்கும்."

"அப்ப அந்த மேஜரு?"

"அதுவும் நான்தான்."

வெர்னா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "வாத்தியாரே, நீங்க சொன்னது காதுல விழலைன்னு வச்சுக்கறேன். ராணுவ மேஜர் கையெழுத்தை நானே போட்டேன்னு அரசாங்கப் படிவத்துல எழுதித் தரப் போறீங்களா? மாசாமாசம் ஜெயிலுக்கு உங்களுக்கு ரொட்டி எடுத்துட்டு வர என்னால ஆகாது. வீட்டுக்குப் போங்க. வேற விலாசத்துக்குத் திருப்பி விடற தபால் பெரிய ஊரைச் சுத்தித்தான் போகும். புதன்கிழமைக்கு முன்னாடி போய்ச் சேராது. அதுக்குள்ள ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க."

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலையிலிருந்து. இன்று பள்ளிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன், பொய் இல்லை. ஒன்பது தாள்களைக் கிழித்தாயிற்று. முதல் தாளில் எலி கடித்துவிட்டது என்று எழுதியிருந்தேன். ரோவினா படித்துவிட்டு, எலிக்கு அஞ்சலகம் வரைக்கும் போகத் தெரியுமா என்று கேட்டாள்.

மாமா, நான் கேட்பது மன்னிப்பு அல்ல. அது பிறகு, உங்களுக்கு உடம்பு தேறியதும், உங்கள் விருப்பம். இப்போது கேட்பது ஒன்றுதான். தபால்காரர் கட்டோடு வந்தால் நீங்கள் எழ வேண்டாம். பாக்கிக் கட்டணத்தைக் கொடுத்து அத்தை வாங்கிக்கொள்ளட்டும். வாங்கி, நீங்கள் பார்க்காத ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டட்டும். ஆறு வாரம் முடிந்ததும் நான் நேரில் வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டிருக்க, ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வெந்நீராவியில் மூடியைப் பிரிக்கலாமாம். பழுப்பு மை தண்ணீரில் கரைகிற ஜாதி என்று கடைக்காரர் சொன்னார். முத்திரை மைதான் போகாது. அதையும் எப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அதுவரை பதற வேண்டாம். கோபம் வந்தால் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண்ணுங்கள். இல்லை, நாற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்காலியை விட்டு எதற்காகவும் எழ வேண்டாம். கட்டு பத்திரமாக வந்து சேரும். அது போதும். கெட்டுப்போன உறை என்றாலும் அது உங்கள் உறை. உங்கள் கையில் இருக்கும்.

அத்தைக்கு எங்கள் அன்பு. உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடியுங்கள் என்று ரோவினா சொல்லச் சொன்னாள். உங்கள் இதயம் இன்னும் பல வருடம் சீராக அடித்து, என்னை நேரில் திட்டும் பலத்தோடு இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எல்வின் கார்பெட்

பின்குறிப்பு: மணி மூன்றரை. வீட்டில் ஃபோன் இல்லாததால் செவ்வாய்தோறும் மருந்துக்கடையிலிருந்து பேசுவாரே, அத்தை இப்போதுதான் பேசினார். வெர்னா அம்மாள் கணக்கு தப்பு. கட்டு இன்று காலையே வந்துவிட்டது. "எவனோ தபால்தலைக்கு வக்கில்லாதவன் நாப்பத்தொரு கடிதம் போட்டிருக்கான்டி ரோவினா, உங்கப்பா நாற்காலியில இருந்தே கத்தினாரு, சல்லிக்காசு குடுக்காதே, போட்டவனுக்கே திருப்பி அனுப்புன்னு! அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் மனுஷனுக்கு உடம்பு தேறிடுச்சுன்னு எனக்கு நம்பிக்கையே வந்துச்சு" என்று சிரித்துவிட்டு, இவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். ஓடிப் போய் வெர்னா அம்மாளிடம் கேட்டேன். மறுத்த தபால் ஒரு நாள் அத்தை ஊர் அஞ்சலகத்திலேயே கிடக்கும். நாளை மதியம் பன்னிரண்டுக்கு வண்டி ஏறும். போட்டவனுக்குத் திரும்பும். போட்டவன் போட்டோமாக் நதிக்கரை முகாமில் இருக்கிறான். அப்படி ஒரு முகாம் இல்லாததால் வாஷிங்டனில் விலாசமற்ற கடிதங்களைக் கிழிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். முதல் பஸ்ஸில் கிளம்பினாலும் நான் அங்கே வருவதற்குப் பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடும், வந்தாலும் என்னிடம் தர மாட்டார்கள். விலாசத்தில் பெயர் உள்ளவரே போய்க் கேட்க வேண்டும். இந்தக் கடிதம் காலை எட்டு மணிக்கு உங்கள் கையில் இருக்கும். ஆகவே மாமா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள். தயவுசெய்து பதறுங்கள்.