பானகம் குடித்த தேனீக்கள்

ஜனக்புரி, தில்லி.

அன்புள்ள மைத்துனர் ஜோதிலிங்கத்துக்கு, அத்தான் சதாசிவம் சொல்ல, கீழ்வீட்டு சுபிக்ஷா எழுதுவது. இங்கே இருமல் நீங்கலாக எல்லாரும் சுகம். அங்கே பிள்ளைகளும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

தில்லியில் ஏசியாட் விளையாட்டுப் போட்டி நடந்து, கடைக்குக் கடை யானைக்குட்டி பொம்மை தொங்கி, எங்கள் பிளாக்கில் முதல் கலர் டிவி வந்ததே, அந்த வருஷம்தான் பின்பக்கத்துப் பூங்காவில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் தகரக் கொட்டகை முளைத்தது. அந்தப் புகையில் உங்கள் அக்கா ருக்கு இருமுவதைப் போனில் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் தென்காசிக்கு வந்துடுங்க" என்கிறீர்கள். வரமாட்டோம். போக வேண்டியது புகை. நாங்கள் ஏன் போக வேண்டும்? புகார் கொடுத்தால் இத்தனை வருஷமும் அதிகாரிகள் ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். இப்போது ஆராய்ச்சிக்கார மாலா எங்கள் மொட்டைமாடியில் இரண்டு தேனீப் பெட்டி வைத்திருக்கிறாள். தேனுக்காக இல்லை. தேனீ ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது உடம்பு ரோமத்தில் காற்றிலுள்ள தூசும் ஒட்டிக்கொண்டு வருமாம், அதைச் சோதித்தால் ஈயம் தெரிந்துவிடுமாம். நானும் காவல் இருந்தேன். ஸ்ரீராமநவமி வந்தது, கோயிலில் மிஞ்சிய பானகத்தை வீட்டுக்கு வீடு தூக்கில் கொண்டுவந்தார்கள், உங்கள் அக்கா, "வாயில்லா ஜீவன், வெயில்ல அலையுதே" என்று பெட்டி வாசலில் தாம்பாளம் நிறைய ஊற்றினாள், அதைப் பார்த்து மற்ற பெண்களும் போட்டி போட்டு ஊற்ற, தேனீக்கள் வெளியே போவதையே விட்டுவிட்டன. மாலா வந்து தலையில் கைவைத்தாள். "தாத்தா, ஈயமே காணோம். வெல்லமும் ஏலக்காயும்தான் இருக்கு."

கொட்டகைக்காரன் தெருவில் என்னை நிறுத்தி, "அங்கிள்ஜி, ஹவா ஏக்தம் சாஃப்" என்று சிரித்தான், காற்று படுசுத்தமாம். மூக்கில் கொட்டு வாங்கியிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் பட்டாபி, "அதான் ரிசல்ட் வந்துடுச்சே, பெட்டியை எடுங்க" என்றார். "மூக்கு வத்தட்டும், பேசலாம்" என்றேன். மறுபடி சோதிக்க வேண்டும் என்று நின்று மழைக்காலம் வரை தவணை வாங்கிவிட்டேன். மாடிச் சாவி இப்போது என் பூணூலில், மன்னிக்கவும், சுபிக்ஷா தன் வீட்டு வழக்கத்தில் எழுதிவிட்டாள், பூணூல் நமக்கேது, அரைஞாணில். "ராமருக்குப் படைங்க, தேனீக்கு வேண்டாம்" என்று வீடு வீடாகச் சொல்லியாயிற்று. ருக்கு இரண்டு நாள் பேசவில்லை, இருமினாள், அவ்வளவுதான்.

நீங்களும் எக்காரணம் கொண்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். உங்கள் நெஞ்சுக்கு இந்தக் காற்று ஆகாது. யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடவும். தங்கைக்கும் பேரன்களுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
சதாசிவம் (கைநாட்டு)

பி.கு: தபாலில் போடுமுன் மாலா வந்தாள். இந்தத் தடவை ஈயம் அகப்பட்டுவிட்டது. ஆனால் கொட்டகைக்காரன், குடியிருப்பு கட்டும் முன்பே தான் அங்கே இருந்ததாகச் சாதிக்கிறான். அது பூங்காவாக இருந்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் அதிகாரி முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். ஒருத்தன் நான். அந்தக் காலத்து அண்டைவீட்டு தர்மன் போய்ச் சேர்ந்தார். ஜம்புவும் போன தை மாசம் போய்விட்டார். ருக்கு அப்போது பிரசவத்துக்கு ஊரில் இருந்தாள். அடுத்த ரயிலில் ஏறவும், மூக்கைக் கட்டிக்கொள்ளத் துண்டு கொண்டுவரவும். அந்த ஏசியாட் வருஷம், கொட்டகை முளைக்குமுன், வேலை தேடி வந்து, என் கட்டிலில் படுத்து, அந்தப் பூங்காவில் தினமும் ஷட்டில் ஆடியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருத்தர்தான்: ஜோதிலிங்கம்.